ஹோலோகாஸ்ட்: ஒரு பலிச்சொல் படுகொலைக்குப் பெயரான கதை

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வாசித்தவர்களுக்கு 'சர்வாங்க தகனபலி' என்ற சொல் பழக்கமாக இருக்கும். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறான். மகன் தோளில் விறகு. தகப்பன் கையில் நெருப்பும் கத்தியும். வழியில் பையன் கேட்கிறான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? தானே பலி என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. ஈசாக்கை அப்படிப் பலியிடும்படி ஆபிரகாமுக்கு வந்த கட்டளையில், தமிழில் 'தகனபலி' என்று இருக்கும் இடத்தில் லத்தீன் வேதாகமத்தில் இருக்கும் சொல் 'ஹோலோகாஸ்டும்'.

ஹிட்லரின் ஜெர்மனி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதற்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயரும் இதுதான். ஹோலோகாஸ்ட். ஐக்கிய நாடுகள் சபை ஜனவரி 27-ஐ ஹோலோகாஸ்ட் நினைவு நாள் என்று 2005-இல் அறிவித்தபோது, அந்தப் பெயர் அரசாங்க முத்திரையும் பெற்றுவிட்டது. கடவுளுக்குக் கொடுக்கும் காணிக்கையைக் குறித்த சொல், ஒரு மக்களையே கொன்று எரித்த செயலுக்குப் பெயராக எப்படி வந்து நின்றது? பல வருடங்களாக என்னைக் குடையும் கேள்வி இது. தமிழில் படிக்கும்போது அந்தக் குடைச்சல் இன்னும் அதிகம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஹோலோகாஸ்ட் வெறும் ஒலிதான், அதற்குள் என்ன இருக்கிறது என்று அகராதி பார்த்தால்தான் தெரியும். 'சர்வாங்க தகனபலி' என்று எழுதிப் பாருங்கள். எல்லாமே வெளியே தெரிகிறது.

கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுவதும், 'காஸ்டோஸ்' என்றால் எரிக்கப்பட்டது. சர்வாங்கம், தகனம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் பிடித்திருக்கிறார்கள். இதற்கு மூலமான எபிரேயச் சொல் 'ஓலா'. அதில் நெருப்பே கிடையாது. மேலே ஏறுவது என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. பலிபீடத்திலிருந்து புகையாக மேலே போவது என்று பொருள் கொள்ளலாம். மற்ற பலிகளில் இறைச்சியின் ஒரு பங்கு ஆசாரியருக்கோ, பலி கொடுத்தவருக்கோ போகும். ஓலாவில் அப்படி இல்லை. தோலை மட்டும் ஆசாரியர் எடுத்துக்கொள்ளலாம், மீதி அத்தனையும் நெருப்புக்கு. எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் போனபோது 'ஏறுவது' என்ற பொருள் மறைந்து, 'முழுவதும் எரிவது' என்ற பொருள் முன்னுக்கு வந்தது. அங்கிருந்து லத்தீன், பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம்.

யூதர்களைக் கொன்றதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கியது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இல்லை. 1189 செப்டம்பர் 3 அன்று லண்டனில் முதலாம் ரிச்சர்டுக்கு முடிசூட்டு விழா. அன்றைக்கே நகரத்தில் யூதர்கள் மீது வெறியாட்டம் தொடங்கியது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், மக்களைக் கொன்றார்கள். வின்செஸ்டர் மடத்துத் துறவி ரிச்சர்ட் ஆஃப் டிவைசஸ் இதைத் தன் வரலாற்றுக் குறிப்பில் லத்தீனில் எழுதிவைத்தார். யூதர்களை அவர்களுடைய தகப்பனான பிசாசுக்குப் பலி கொடுக்கத் தொடங்கினார்கள் என்கிறார். வேலை அவ்வளவு நீண்டதால், அந்த 'ஹோலோகாஸ்டும்' மறுநாளும் அரும்பாடு பட்டுத்தான் முடிந்தது என்று எழுதுகிறார். கிண்டல் செய்கிறார் அந்தத் துறவி. தெருவில் செத்துக்கிடந்த மனிதர்களைப் பார்த்து வழிபாட்டுச் சொல்லை வைத்துக் கிண்டல் செய்கிறார். ஆக, இந்தச் சொல் யூதர் படுகொலையோடு சேர்ந்து வந்த முதல் இடங்களில் ஒன்றே, கொன்றவர்கள் பக்கம் நின்றவரின் வாயிலிருந்து வந்தது. இதைப் படித்த பிறகு ஹோலோகாஸ்ட் என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போக எனக்குக் கை வருவதில்லை.

இடையில் பல நூற்றாண்டுகள் சொல் வேறு வேறு இடங்களில் அலைந்தது. பெரிய தீ விபத்து என்றால் ஹோலோகாஸ்ட், பெரிய உயிர்ச்சேதம் என்றால் ஹோலோகாஸ்ட். 1890-களில் உஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் வேட்டையாடப்பட்டபோது மேற்கத்தியச் செய்திகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. 1895 டிசம்பர் கடைசியில் உர்ஃபா நகரத்தில் ஆர்மீனியர்கள் தங்கள் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கும்பல் அதற்குத் தீ வைத்தது. உள்ளே ஆயிரக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளுமாக. அங்கே இருந்த அமெரிக்க ஊழியப் பெண் ஒருவர் தான் பார்த்ததை எழுத இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அங்கே அது உருவகமாக இருக்கவில்லை, நேர்ப்பொருளில் இருந்தது: மனிதர்கள் முழுவதுமாக எரிந்துபோனார்கள். 1909-இல் அதானாவில் நடந்த படுகொலைகளுக்கும் அதே பெயர் வந்தது.

நாஜிகளின் கொலைகளுக்கு இது உடனே பெயராகிவிடவில்லை. 1940-களில் அங்கங்கே ஒரு பொதுச்சொல்லாக, பல சொற்களில் ஒரு சொல்லாக வந்தது. இஸ்ரேலின் 1948 சுதந்திரப் பிரகடனத்தின் ஆங்கில வடிவத்தில் 'நாஜி ஹோலோகாஸ்ட்' என்று அடைமொழியோடு வருகிறது, ஏனென்றால் அப்போது ஹோலோகாஸ்ட் என்று மட்டும் சொன்னால் எது என்று கேட்பார்கள். 1950-களின் பின்பாதியில் ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் தன் ஆங்கில வெளியீடுகளில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1961-இல், யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் வந்தது. சாட்சிகள் எபிரேயத்தில் சொன்னதை உலகப் பத்திரிகையாளர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

அப்புறம் தொலைக்காட்சி. 1978-இல் அமெரிக்காவில் நான்கு பாகங்களாக ஒரு தொடர் ஒளிபரப்பானது. தொடரின் பெயரே இந்தச் சொல்தான். 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் அதை ஒளிபரப்பியபோது கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அதுவரை ஜெர்மன் சாதாரணப் பேச்சில் இல்லாத அந்த அந்நியச் சொல், அந்த வருடத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே ஜூலையில் ஜெர்மன் நாடாளுமன்றம் கொலைக் குற்றத்துக்கான காலவரம்பையே நீக்கியது. நாஜிக் கொலைகாரர்கள் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கும் வழி அடைபட்டது. ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன், விவாதம் முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் முப்பது வருடம் பெயர் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுக்கு வீட்டுக்கூடத்தில் பெயர் கிடைத்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, பெயர் நிலைத்துவிட்டது. பொருத்தமான பெயரா?

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவிக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று வேண்டா வெறுப்பாகத்தான் பயன்படுத்துகிறேன், சொல்லாராய்ச்சிப்படி இது பிழை என்றார். பிழை எங்கே என்று பார்த்தால் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், வாங்கிக்கொள்ளும் கடவுள் ஒருவர் வேண்டும், ஒரு நோக்கம் வேண்டும். ரயில் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஒரு பாட்டியும் பேத்தியும் யாருக்குக் கொடுத்த காணிக்கை? கொன்றவனைப் பூசாரியாக்கும் சொல் இது. ஈசாக்கின் கதையில் கடைசி நொடியில் வானத்திலிருந்து குரல் வந்தது, புதரில் ஆட்டுக்கடா மாட்டியிருந்தது. இங்கே எந்தக் குரலும் வரவில்லை.

இரண்டாவது, நெருப்பு. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். அங்கே உடல்களை எரித்த சூளைகளின் படம் நம் மனதில் பதிந்திருப்பதால் 'எரிப்பு' சரிதான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கீவ் நகரத்தை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 என்ற இரண்டே நாட்களில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த எண் கொன்றவர்களே தங்கள் அறிக்கையில் எழுதிய எண். இதுபோலக் குழி வெட்டிச் சுடப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் தெருவிலேயே செத்தவர்கள் ஆயிரமாயிரம். ஹோலோகாஸ்ட் என்ற சொல் காட்டும் படத்துக்குள் இவர்கள் யாரும் நிற்பதில்லை.

எபிரேயம் பேசுகிறவர்கள் அதனால்தான் 'ஷோவா' என்கிறார்கள். பேரழிவு, பாழாக்குதல் என்று பொருள். போலந்து யூதர்களின் நிலையை விவரித்து 1940-லேயே ஜெருசலேமில் வெளிவந்த ஒரு சிறு நூலின் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறது. கொலைமுகாம்கள் தொடங்குவதற்கும் முன்னால்! ஷோவாவும் வேதத்தில் உள்ள சொல்தான், ஆனால் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வராது. ஏசாயா 10-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த இடத்தில் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் 'பாழ்க்கடிப்பு'. தூரத்திலிருந்து வரும் பாழ்க்கடிப்பின் நாளில் என்ன செய்வீர்கள், யாரிடம் ஓடுவீர்கள் என்று தீர்க்கதரிசி கேட்கிறார். இன்று யாரும் பேச்சில் பயன்படுத்தாத சொல். வயலில் புயல் புகுந்துபோன மாதிரி ஒரு வெறுமை அதில் இருக்கிறது, பக்தியின் வாசனை துளியும் இல்லை. ஷோவாவுக்கும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்: அது இயற்கைச் சீற்றத்துக்கும் பொருந்தும், செய்தவன் யார் என்று சொல்வதில்லை என்று. அது நியாயமான குறைதான். ஆனாலும் பிரான்சில் இன்று இதுதான் வழக்குச் சொல். 1985-இல் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஆவணப்படம் எடுத்த கிளாட் லான்ஸ்மன் தன் படத்துக்கு இதையே பெயராக வைத்தார். அவருக்கு எபிரேயம் தெரியாது. பொருள் தெரியாத, உடைக்க முடியாத ஒரு சொல் என்பதாலேயே அதை எடுத்தேன் என்றார்.

கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது எபிரேயமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசினார்கள். அவர்கள் சொன்ன பெயர் 'குர்பன்'. எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதைக் குறிக்கும் பழைய சொல். பாபிலோனியர்கள் இடித்தது முதல் குர்பன், கி.பி. 70-இல் ரோமானியர்கள் இடித்தது இரண்டாவது, இது மூன்றாவது. ஒரு பாட்டி தன் பேரனிடம் 'குர்பனுக்கு முன்னால்' என்று பேச்சைத் தொடங்கினால், இரண்டாயிரம் வருடத்து ஞாபகம் அந்த ஒரு சொல்லோடு வந்து உட்காரும். அந்த மொழியைப் பேசியவர்களில் பாதிப் பேர் அழிந்துபோனதால் அவர்கள் வைத்த பெயரும் உலகத்தின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமானதாகத் தெரிகிறது.

ரோமா மக்கள், அதாவது 'ஜிப்சிகள்' என்று மற்றவர்கள் அழைத்தவர்கள், அவர்களும் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்க்கனாவ் முகாமின் ரோமா பகுதியில் மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானவர்களை நச்சுவாயு அறைக்குக் கொண்டுபோனார்கள். ரோமானி மொழியில் இதற்கு 'பொராய்மோஸ்', விழுங்குதல், என்று ஒரு பெயர் 1990-களில் பரவியது. அந்தச் சொல்லுக்கு வழக்கில் ஒரு கொச்சையான பொருளும் இருப்பதால் பல ரோமாக்கள் அதை வாயால் சொல்லக் கூசுகிறார்கள். 'சமுதாரிபென்', அனைவரையும் கொல்லுதல், என்பதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை.

கொன்றவர்களிடம் பெயர்ப் பஞ்சம் இருந்ததே இல்லை. இடமாற்றம், வெளியேற்றம், இறுதித் தீர்வு, 'சிறப்புக் கவனிப்பு'. இந்தக் கடைசிச் சொல்லின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1943-இல் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் புள்ளியியல் அதிகாரி ரிச்சர்ட் கோர்ஹர் ஐரோப்பிய யூதர்களின் கணக்கைத் தயாரித்து அந்தப் படையின் தலைவர் ஹிம்லருக்குக் கொடுத்தார். அதில் யூதர்களின் 'சிறப்புக் கவனிப்பு' என்று எழுதியிருந்தார். கொலை என்று எழுதவில்லை, மறைமொழியில்தான் எழுதியிருந்தார். அதையும் ஹிம்லர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் மாதம் அவருடைய அலுவலகத்திலிருந்து திருத்தம் வந்தது: எந்த இடத்திலும் அந்தச் சொல் வரக்கூடாது, கிழக்கு மாகாணங்களிலிருந்து ரஷ்யக் கிழக்குக்கு 'கொண்டுசெல்லப்பட்டவர்கள்' என்று போடு, போலந்து முகாம்கள் 'வழியாகக் கடந்தவர்கள்' என்று போடு. அந்த வரிக்கு எதிரே இருந்த எண் 12,74,166. அந்த எண்ணில் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றவில்லை, சொல்லை மட்டும் மாற்றினார்கள். ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று கொலைகாரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் அகதியாக உட்கார்ந்திருந்த ஒரு போலந்து யூத வழக்கறிஞருக்கும் அது தெரிந்திருந்தது. ரஃபேல் லெம்கின், 1900-இல் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது ஆர்மீனியர்களை அழித்ததில் முதன்மைப் பங்குள்ள உஸ்மானிய அமைச்சர் தலாத் பாஷாவை 1921-இல் பெர்லின் தெருவில் ஒரு ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார், அவரைக் கைதுசெய்து விசாரித்தார்கள். அப்போது மாணவராக இருந்த லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டார்: தலாத்தை ஏன் யாரும் கைதுசெய்யவில்லை? பேராசிரியர் ஒரு உதாரணம் சொன்னாராம். ஒரு விவசாயி தன் கோழிகளைக் கொல்கிறான், அது அவன் பாடு, நீ உள்ளே போனால் அத்துமீறல். ஆர்மீனியர்கள் கோழிகள் அல்லவே என்று லெம்கின் பதில் சொன்னதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1941 ஆகஸ்டில் சர்ச்சில் வானொலியில் பேசினார். ஜெர்மானியப் படை ரஷ்ய மண்ணில் பல்லாயிரம் பேரைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். பெயரில்லாத ஒரு குற்றத்தின் முன் நிற்கிறோம் என்றார். 1944-இல் வெளிவந்த தன் நூலில் லெம்கின் பெயர் கொடுத்தார். இனம், குலம் என்ற பொருளுள்ள கிரேக்க 'கெனோஸ்', கொல்வதைக் குறிக்கும் லத்தீன் விகுதி 'சைட்'. ஜெனோசைட். இரண்டு மொழி கலந்த சொல் என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஹோலோகாஸ்டில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: கொலை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, எனவே கொன்றவன் ஒருவன் இருந்தாக வேண்டும். நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் வழக்கின் குற்றப்பத்திரிகையில் 1945-இல் இந்தச் சொல் ஏறியது, 1946 தீர்ப்பில் வரவில்லை. லெம்கின் தன் பெற்றோர் உட்பட 49 உறவினர்களை இழந்திருந்தார். 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஜெனோசைடைக் குற்றமாக்கும் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 1959-இல் நியூயார்க்கில் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டத்துக்குள் போன சொல்லுக்கு வேறு விதமான விதி. அது கடமையைக் கொண்டுவரும், அதனால் அதைச் சொல்லப் பயப்படுவார்கள். 1994-இல் ருவாண்டாவில் மூன்று மாதங்களில் லட்சக்கணக்கான துட்சி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர் ஜூன் 10 அன்று 'ஜெனோசைட் செயல்கள் நடந்திருக்கின்றன' என்றார். ஜெனோசைட் என்று சொல்லவில்லை. ஒரு ஜெனோசைட் ஆக எத்தனை ஜெனோசைட் செயல்கள் வேண்டும் என்று ஒரு நிருபர் கேட்டார். நேரான பதில் வரவில்லை. அந்தக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதல்முறையாக ஒருவரைத் தண்டித்தது 1998 செப்டம்பரில், ருவாண்டாவின் தபா நகர மேயர் ழான்-பால் அகாயேசுவின் வழக்கில். உடன்படிக்கை வந்து ஐம்பது வருடம் கழித்து.

தமிழில் ஜெனோசைடுக்கு 'இனப்படுகொலை' என்றும் 'இனவழிப்பு' என்றும் எழுதுகிறோம். ஈழம் பற்றிய எழுத்தில் இரண்டும் புழங்குகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கலாம். லெம்கின் என்ன எழுதினார் என்று பார்த்தால் ஒன்றில்லை என்று தெரியும். அவர் நூலில் பெரும்பகுதி நாஜிகளின் ஆணைகளைத் திரட்டியது. எந்த இனத்துக்கு எவ்வளவு ரேஷன், யாருக்குக் கல்யாண அனுமதி, லக்சம்பர்க்கில் மக்களின் பெயர்களையே ஜெர்மன் வடிவத்துக்கு மாற்றச் சொன்ன உத்தரவு. ஒரு இனம் வாழ்வதற்கான அடித்தளங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதையே அவர் ஜெனோசைட் என்றார். ஒரே நாளில் கொன்று முடிப்பது அதில் ஒரு வகை மட்டும். உடன்படிக்கை பிறகு பண்பாட்டை அழிப்பதைப் பெரும்பாலும் கழித்துவிட்டது. அரசியல் குழுக்களையும் விட்டுவிட்டது. ஆனாலும் அதன் இரண்டாம் பிரிவு சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான். உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு செய்வது, உயிர் வாழ முடியாத நிலைமைகளைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது ஆகியவையும் அதில் உண்டு. ஐந்தாவது, ஒரு இனத்தின் குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறொரு இனத்திடம் கொண்டுபோவது. எதுவானாலும் அந்த இனத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும்.

போலந்தில் நாஜிகள் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள குழந்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். தாயிடமிருந்து பிரித்தார்கள், தலையை அளந்தார்கள், தேறியவர்களுக்கு ஜெர்மன் பெயர் வைத்தார்கள், போலிஷ் பேசினால் அடித்தார்கள், ஜெர்மன் குடும்பங்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். போர் முடிந்து தேடிப் போனபோது சில குழந்தைகளுக்குத் தாயின் மொழி மறந்திருந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்திருந்தார்கள், யாரும் அவர்களைக் கொல்லவில்லை. படுகொலை என்ற சொல்லுக்குள் அந்தக் குழந்தையை எப்படிக் கொண்டுவருவது? அதனால்தான் நான் இனவழிப்பு என்று எழுதுகிறேன்.